வேலை அனுபவம் இல்லாமல் சுயவிபரக் கோவையா?

தம்பி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும்போதே ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் 2+2 எம்.பி.ஏ. திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். வேலை அனுபவம் இல்லையே, சுயவிபரக் கோவையில் மூன்று பக்கத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலையை விடுங்கள். இப்போது இடம் தந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வரச் சொல்லும் திட்டம் அது. மாணவர்களுக்கென்றே அமைந்தது.

ஒரு பக்கம் போதும். அடையாள அட்டை எண், பிறந்த திகதி, மதம், புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கடைசி வரியில் ஒளித்துவைத்திருக்கிறீர்களே தலவாக்கலைச் சனிக்கிழமை வகுப்பு, அதுதான் மேலே வர வேண்டும். "தோட்டப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தேன்" என்றால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "கணித வகுப்பைத் தொடங்கி 22 மாணவர்களைச் சேர்த்தேன், உயர்தரம் முடித்த இருவரைப் பழக்கி வகுப்பை ஒப்படைத்தேன்" என்று எழுதுங்கள். தொடங்கியது யார், நீங்கள் பேராதனைக்குத் திரும்பிய பிறகும் வகுப்பு நடந்ததா என்பதைத்தான் தேர்வுக் குழுவினர் தேடுவார்கள்.

விடுமுறையில் அப்பாவின் கடைக் கடன் கொப்பியைக் கணினிக்கு மாற்றினீர்களாமே, அதையும் சேருங்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். எவ்வளவு நிலுவை வசூலானது என்று அப்பாவிடம் கேட்டு, அந்தத் தொகையையும் போடுங்கள்.