கீசர் ப்ளக்கில் ஒரு பின் மட்டும் கருகுவது ஏன்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்கள் வீட்டில் 2000 வாட் கீசர் இருக்கிறது. அதன் ப்ளக்கில் ஒரு பின் மட்டும் கருகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிவிடுகிறது. புது ப்ளக் மாற்றியும் சில மாதங்களில் அதே நிலை. 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை. வோல்டேஜ் அதிகமாக வருகிறதா?”

வோல்டேஜைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு பின் மட்டும் கருகியிருப்பதே அதற்குச் சான்று. ஃபேஸ் பின் வழியாகப் போகும் அதே மின்னோட்டம்தான் நியூட்ரல் பின் வழியாகத் திரும்புகிறது. மின்னோட்டம் மிகுந்ததால் சூடேறியிருந்தால் இரண்டுமே கருகியிருக்கும். ஆகவே, கோளாறு அந்த ஒரு பின் சாக்கெட்டைத் தொடும் இடத்தில் உள்ள மின்தடையில்தான் இருக்கிறது.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பது ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி. 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அப்படியானால் அதன் காயிலின் தடை சுமார் 26.5 ஓம். இப்போது சாக்கெட்டின் பிடி தளர்ந்து, அங்கே வெறும் அரை ஓம் தடை சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தடை 27 ஓம் ஆகி, மின்னோட்டம் 8.5 ஆம்பியராகச் சற்றுக் குறைகிறது. ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு என்பதால், அந்தச் சிறு தொடுமுனையில் மட்டும் சுமார் 36 வாட் வெப்பம் எழுகிறது. ஒரு சால்டரிங் அயர்னை ப்ளக்குக்குள் செருகி வைத்ததற்கு அது சமம்.

எம்சிபி ஏன் பேசாமல் இருந்தது என்பதும் இதிலேயே விளங்கும். அது மின்னோட்டம் மிகுந்தால்தான் விழும். இங்கோ மின்னோட்டம் குறைந்திருக்கிறது. எம்சிபி விழவில்லை என்பதாலேயே ஆபத்தில்லை என்று இருந்துவிடுவதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

புது ப்ளக்கும் கருகியதற்குக் காரணம் பழைய சாக்கெட். ஒருமுறை நன்றாகச் சூடேறிய பித்தளைப் பட்டை தன் விறைப்பை இழந்துவிடும். பிறகு அது எந்தப் பின்னையும் இறுகப் பிடிக்காது. மேற்பரப்பில் படியும் ஆக்சைடு தடையைக் கூட்ட, கூடிய தடை இன்னும் சூடாக்க, கேடு தானாகவே வளர்ந்துகொண்டு போகும். மும்பையின் கடற்காற்றும் குளியலறை ஈரமும் இதை விரைவுபடுத்துகின்றன.

எனவே கீசரை இப்போதே நிறுத்திவிடுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்த பிறகு, ப்ளக்கையும் 16 ஆம்பியர் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கருத்த செம்புக் கம்பியைப் பளபளப்பான பகுதி தெரியும்வரை வெட்டியே ஸ்க்ரூவில் இறுக்க வேண்டும். சுவருக்குள் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒயர் என்றால் அதையும் மாற்றுவது நல்லது. ப்ளக்கே இல்லாமல் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டிபி சுவிட்சில் நேரடியாக இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.