மாமனாரின் மர்பிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: என் மாமனார் 1960களில் வாங்கிய மர்பி வால்வு ரேடியோ, முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். மரப்பெட்டி, முன்பக்கத் துணி, ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. பாடுமா தெரியவில்லை. உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புளூடூத் ஸ்பீக்கர் வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்தால் ஹாலுக்கு எடுப்பாக இருக்கும் என்கிறான் மகன். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த பெயின்ட் டப்பாவை ஒளித்து வையுங்கள். புளூடூத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் மகன் அதை அழகுப் பொருளாகப் பார்ப்பதில் தப்பே இல்லை. ரேடியோ வந்த புதிதில் அதற்கென்று ஒரு முகம் கிடையாது. அலமாரி மாதிரி பெட்டி செய்து உள்ளே மறைத்து வைத்தார்கள். 1930களில் இங்கிலாந்தில் மர்பி கம்பெனி, பெட்டி வடிவமைக்கும் வேலையை ஆர்.டி. ரஸ்ஸல் என்ற மரச்சாமான் வடிவமைப்பாளரிடம் கொடுத்தது. அவர் பூவேலையை எல்லாம் விட்டுவிட்டு மரத்தின் ரேகையையே அலங்காரமாக்கினார். 1934-ல் எக்கோ என்ற இன்னொரு ரேடியோ கம்பெனிக்காக வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஏடி-65 மாடல் இன்னும் துணிச்சலானது. ஸ்பீக்கர் வட்டம்தானே, பெட்டி மட்டும் ஏன் சதுரமாக இருக்க வேண்டும்? பேக்கலைட் என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி, ரேடியோவையே வட்டமாக்கிவிட்டார். ஸ்டேஷன் காட்டும் டயல், ஸ்பீக்கருக்கு மேலே வில்லாக வளைந்திருக்கும். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

உங்கள் ரேடியோ இவற்றுக்குப் பிந்தியது. ஆனால் அதிலும் உள்ளே இருப்பதுதான் வெளியே தெரியும் வடிவத்தை முடிவு செய்திருக்கிறது. பெட்டி அவ்வளவு ஆழமாக இருப்பது, கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் நிற்க. பின்பலகையில் ஓட்டைகள் இருப்பது சூடு வெளியேற. அதனால்தான் ஸ்பீக்கர் மாற்றும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் கூட்டுக்கு எதற்கு அவ்வளவு வயிறு?

பெயின்ட் அதைவிட மோசம். மேலே தெரியும் அழகான மரம், ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டிய, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விநியர் என்ற மெல்லிய மரத்தோலாகத்தான் இருக்கும். பெயின்ட் பிடிப்பதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும், திரும்ப வராது. லேசாக ஈரம் காட்டிய துணியால் பெட்டியைத் துடைத்தால் போதும். பாலிஷ் மங்கியிருந்தால், அரக்கில் பிரெஞ்சு பாலிஷ் போடத் தெரிந்த பழைய ஆசாரியைத் தேடுங்கள்.

கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஊர்ப் பெயர்கள் அந்தப் பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு ரேடியோவில் 'சிலோன்' அழிந்தது என் கையால்தான். ஈரத் துணி, ஒரே இழுப்பு. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பாடுகிறதா என்று பார்க்க நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்களான கண்டன்சர்கள் இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் கெட்டிருக்கும், டிரான்ஸ்ஃபார்மரே புகைந்துவிடலாம். வால்வு செட் தெரிந்த மெக்கானிக் கண்டன்சர்களையும் ஒயரையும் மாற்றிவிட்டு, முதல் தடவை ஒரு குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி, போட்டுத்தான் கரண்ட் கொடுப்பார். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மகன் சொந்தமாகக் கைவைக்க வேண்டாம்.

பெரும்பாலும் இதில் எஃப்.எம். வராது, மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். புளூடூத் ஆசைக்கும் வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் கிராமபோன் மாட்டுவதற்காகப் பல செட்டுகளில் பின்னால் இரண்டு துளைகள் விட்டிருப்பார்கள். அதில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரை இணைத்தால், போனில் ஓடும் பாட்டு அதே வால்வு வழியாக, அதே ஸ்பீக்கரில் கேட்கும். ஒரு பலகையைக்கூட அறுக்க வேண்டாம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டாக இருந்தால் இதைச் செய்யவே கூடாது. உள்ளே பாகங்களைத் தாங்கும் இரும்புத் தகட்டிலேயே ஷாக் அடிக்கும். என்ன வகை என்று மெக்கானிக் பார்த்துச் சொல்வார்.

இவ்வளவுக்கும் பிறகு மகன் பிடிவாதமாகக் கழற்றிவிட்டால், கழற்றிய பாகங்களை, வால்வு, குமிழ், திருகு உட்பட, ஒரு டப்பாவில் போட்டு, 'தாத்தா ரேடியோ' என்று எழுதி, அதே பரணில் ஏற்றிவிடுங்கள். காயலான் கடைக்காரர் கண்ணில் மட்டும் காட்டாதீர்கள்.