முடி நட்ட தலைக்குப் பிறகு என்ன வாங்குவது? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, முடி நட்டவர்களுடையவை, அதாவது பின்தலை முடியை வேரோடு எடுத்து வழுக்கையில் நடும் சத்திரசிகிச்சை செய்தவர்களுடையவை. அவற்றை ஒன்றாகவே எடுக்கிறேன்.

கேள்வி: கொழும்பில் முடி நட்டுவிட்டு வெளிக்கிடும்போது ஷாம்பு, ஸ்பிரே, சீரம் அடங்கிய 'பராமரிப்புப் பொதி' என்று 48,000 ரூபாய் எடுத்தார்கள். வாங்காவிட்டால் நட்ட முடி பிடிக்காதாம். உண்மையா? (கொக்குவில்)

பதில்: பொய். ஸ்பிரே போத்தலின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் 0.9 வீத உப்புக் கரைசல், அதாவது சேலைன்தான் இருக்கும். அது பாமசியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். முதல் சில நாட்கள் நட்ட இடம் காயாமல் இருக்க அதைத் தூவ வேண்டும் என்பது சரிதான். ஆனால் வீட்டு உப்பைக் கரைத்துத் தூவ வேண்டாம். ஷாம்புக்கு, மணம் குறைந்த குழந்தைகள் ஷாம்பு போதும். சீரத்தை டொக்டர் எழுதித் தந்தாரா, வரவேற்பு மேசையில் இருந்தவர் எடுத்துத் தந்தாரா? இரண்டாவது என்றால் டொக்டரிடம் கேட்காமல் பூசாதீர்கள். திறக்காத போத்தல்களைப் பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கொடுங்கள். எடுக்க மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. முறைப்பாடு எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் போக வேண்டும். 'வாங்காவிட்டால் முடி பிடிக்காது' என்று அவர்கள் சொன்னதையும் அதில் எழுதுங்கள்.

கேள்வி: ஐந்தாம் நாள். ஹெல்மெட் போட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா? (சாவகச்சேரி)

பதில்: கூடாது. நட்ட வேர் உறுதியாகப் பிடிக்கக் கிட்டத்தட்ட பத்து நாள் எடுக்கும். ஹெல்மெட்டைக் கழற்றும் ஒரு இழுவையில் வேர் வந்துவிடும். ஹெல்மெட் இல்லாமல் ஓடலாம் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு கிழமைக்கு ஓட்டோவில் அல்லது பஸ்ஸில் போங்கள்.

கேள்வி: எங்கள் கிணறு சவர். அந்தத் தண்ணீரில் தலை கழுவலாமா? அம்மா சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகச் சொல்கிறா. (ஊர்காவற்றுறை)

பதில்: தீவுப் பகுதியில் இந்தக் கவலை நியாயமானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. ஆகவே குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு வாளியைத் தலைக்கென ஒதுக்கி வையுங்கள். முதல் கழுவல் எந்த நாள் என்பதை டொக்டர் சொல்வார், பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள். ஷாம்பு நுரையை உள்ளங்கையில் எடுத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு கோப்பையால் மெதுவாக ஊற்றுங்கள். மோட்டர்க் குழாயைத் தலையில் பிடிக்கவே கூடாது. சிறு பொருக்குகள் பத்துப் பதினாலு நாளில் தானாக உதிரும். கடிக்கிறது என்று நகத்தால் கிள்ளினால் பொருக்கோடு வேரும் வரும்.

அம்மாவுக்கு வடிவாகச் சொல்லுங்கள்: எண்ணெய் முழுக்கு, அரப்பு, மருதோன்றி எல்லாம் குறைந்தது ஒரு மாதம் கழித்து, அதுவும் டொக்டர் சம்மதித்தால்தான். கடல் குளிப்பும் கீரிமலைக் கேணியும் அப்படித்தான்.

கேள்வி: நட்டு மூன்று கிழமை. நல்லூரில் பிரதட்டை நேர்த்தி இருக்கிறது. தலையில் துணி கட்டிக்கொண்டு செய்யலாமா?

பதில்: தம்பி, நல்லூர்க் கொடியேற்றம் எப்போது என்பது முன்கூட்டியே தெரிந்த விடயம். அதைப் பார்த்துச் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்திருக்க வேண்டும். வீதியில் உருளும்போது படும் சுடுமணலும் வெயிலும் உரசலும் ஆறாத தோலுக்கு ஆகாது. நேர்த்தியை அடுத்த வருடம் செய்யுங்கள்.

கேள்வி: நாலாம் கிழமை நட்ட முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கிளினிக்கில் காட்டினேன். உடனே இரத்தத்தில் இருந்து எடுக்கும் பிஆர்பி ஊசி ஆறு போடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துத்தான் நட்டேன். (வட்டுக்கோட்டை)

பதில்: இன்னொரு நகையை அடகு வைக்காதீர்கள். நட்ட முடி இரண்டாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமைக்குள் உதிர்வது வழமை. முடித்தண்டுதான் விழுகிறது, வேர் தோலுக்குள் இருக்கிறது. மூன்றாம் நாலாம் மாதத்தில் மெல்லிய முடி முளைக்கும். முழு விளைவைப் பார்க்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்வது அவர்களுடைய கடமை. சொல்லாமல் விட்டு, நீங்கள் பயந்து வரும்போது ஊசி விற்கிறார்கள். பிஆர்பியால் சிலருக்குப் பலன் உண்டு என்ற ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் இந்த உதிர்வை நிறுத்த அது கட்டாயம் இல்லை. எனக்கு இதை வாசிக்கவே கோபம் வந்தது. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

கேள்வி: முடி உதிராமல் இருக்க என் கணவர் பினாஸ்டரைட் எடுக்கிறார். நான்தான் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பேன். நான் இப்போது நாலு மாதக் கர்ப்பிணி.

பதில்: இன்றோடு நிறுத்துங்கள், பிள்ளை. உடைந்த பினாஸ்டரைட் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம். இதுவரை உடைத்ததை அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். கணவர் தன் மாத்திரையைத் தானே எடுத்துக் கொள்ளட்டும்.

கேள்வி: பேஸ்புக் விளம்பரம் பார்த்து சென்னையில் நட்டேன். பலாலியில் வந்து இறங்கி ஆறு நாள். பின்தலையில் சீழ், காய்ச்சல். வட்ஸ்அப்பில் 'பொறுங்கள்' என்று மட்டும் பதில். டொக்டர் பெயர் தெரியாது.

பதில்: இதை வாசிக்கும் நேரத்திலேயே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டு போகும் வலி, தோல் கறுத்தல், இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஆனால் டொக்டர் பெயர் தெரியாமல் தலையைக் கொடுத்தது எப்படி? ஒரு கைத்தொலைபேசி வாங்க ஸ்டான்லி வீதியில் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! நான் ஒரு கண்காட்சியில் முடி வளர்க்கும் எண்ணெய் வாங்கினேன். தலை எரிந்து கொப்பளித்தது. போத்தலில் தயாரித்தவர் முகவரி இல்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை, யாரிடம் போவது? அன்றிலிருந்து கடதாசி இல்லாமல் நான் காசு கொடுப்பதில்லை. முடி நடுபவர்களும் கேட்க வேண்டியது இதுதான்: சத்திரசிகிச்சை செய்பவரின் பெயரும் பதிவு எண்ணும், எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் முடிவேர்த் துண்டு), கொடுக்கப்போகும் மருந்துகள், பிறகு கழுவும் முறை, இரவில் அழைக்க ஒரு எண். எல்லாம் முற்பணத்துக்கு முன், எழுத்தில். இலங்கை என்றால் டொக்டர் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பாருங்கள். இந்தியாவில் இதைப் பதிவுபெற்ற தகுதியுள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று அங்குள்ள தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. பின்தலையில் எடுத்த வேர் மறுபடி முளைக்காது, கைதேராதவர் அதை அள்ளி வீணாக்கினால் திருப்பித் தர யாராலும் முடியாது. இந்த ஒரு தாளைக் கேட்க நாம் வெட்கப்படுகிறோம். அந்த வெட்கத்தை அவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்.

வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். காயத்தைத் தினமும் படம் எடுங்கள், போதனா வைத்தியசாலை தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். காசு வாங்கிய மருத்துவ சேவை அங்கே நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. காய்ச்சல் விட்டதும் எழுதுங்கள், முறைப்பாட்டுக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.