கணவருக்கு ஃபீல்டு போஸ்டிங்: தருமபுரி, கிருஷ்ணகிரி புறநகரில் குடும்பத்துக்கு வாடகை வீடு பார்ப்பது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்னது: கணவர் தரைப்படையில் ஹவில்தார். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடத்துக்குப் போஸ்டிங். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, எட்டாவதும் இரண்டாவதும் படிக்கும் பிள்ளைகளோடு சொந்த மாவட்டத்துப் பக்கம் வர வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்ள விருப்பமில்லை.

இந்த வீட்டில் அவர் இருக்கப்போவது லீவு நாட்களில் மட்டும். அவர் இல்லாத வீட்டை ஒற்றை ஆளாக நீங்கள் ஓட்ட முடியுமா என்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பைக் நிறுத்த இடம், பெரிய ஹால் எல்லாம் அதற்கு அப்புறம்.

அவர் கிளம்புவதற்கு முன் யூனிட்டில் முடிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. குடும்பம் எந்த ஊரில் தங்கப்போகிறது என்று 'தேர்ந்த வசிப்பிடம்' எழுதிக் கொடுத்து, அது பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப, பணி விவரங்களை யூனிட் பதிந்து வெளியிடும் ஆணை) வந்துவிட்டதா என்று கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டு வாடகைப் படி அதை வைத்துத்தான் நகரும். இந்தப் படிக்காக மத்திய அரசு ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருக்கிறது. அதில் பெங்களூரு எக்ஸ், சேலம் ஒய். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றும் இசட். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதிலிருந்து விகிதம் முறையே அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் இசட் ஊரில் 4,000 ரூபாய்தான் வரும். ஓசூரில் அந்தத் தொகைக்கு உருப்படியான வீடு அமையாது. மீதியைக் கையிலிருந்து போட வேண்டியதுதான். சாமான் ஏற்றும் லாரிக்கு ஜிஎஸ்டி எண், வண்டி எண், எடை எல்லாம் போட்ட பில் வாங்கி வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சாமான் செலவுக்கான கிளெய்ம் திரும்பி வரும்.

எஸ்.எஃப். குவார்ட்டர்ஸுக்கும் (கணவர் ஃபீல்டில் இருக்கும்போது குடும்பம் மட்டும் தங்கத் தரும் ராணுவக் குடியிருப்பு) ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது. நம் இரண்டு மாவட்டத்திலும் கன்டோன்மென்ட் கிடையாது. பக்கம் என்றால் பெங்களூருதான். முறை வரும்போது போவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

ஊர் தேர்வில் என் கணக்கு இது. வீட்டில் யாருக்காவது ராணுவ மருத்துவமனையில் தொடர் சிகிச்சை இருந்தால் ஓசூர். பெங்களூரு கமாண்ட் ஆஸ்பத்திரி ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து அது 90, தருமபுரியிலிருந்து 130. அப்படி ஒன்றும் இல்லையென்றால் தருமபுரி. வாடகை குறைவு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே நேதாஜி பைபாஸ் சாலையில், கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, ரயில் நிலையமும் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. அவர் வடக்கிலிருந்து லீவில் வந்தால் ஜோலார்பேட்டையிலோ சேலத்திலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இப்போது பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறார்கள் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்தந்த வகுப்பில் சேர்ப்பார்களா என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். வீட்டை மாற்றுவது சுலபம், நடுவில் பாடத்திட்டத்தை மாற்றுவது அப்படியல்ல. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு முக்கியமாக.

தருமபுரியில் இலக்கியம்பட்டி, ஒட்டப்பட்டி (கலெக்டர் ஆபீஸ் பக்கம்), பாரதிபுரம், வெண்ணாம்பட்டி சாலை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலை ஹவுசிங் போர்டு, கட்டிகானப்பள்ளி. ஓசூரில் பாகலூர் சாலை, ராயக்கோட்டை ஹட்கோ, மத்திகிரி. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களும் பேச்சுலர்களும் அதிகம். பெண் தனியாகப் பிள்ளைகளோடு இருக்க அந்தத் தெருக்களை நான் சொல்ல மாட்டேன். எந்த ஊரானாலும் வீடு நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம் என்று அமையக் கூடாது. மேப்பில் 400 மீட்டர் காட்டும்; பாலத்தைச் சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். அந்தச் சுற்று வேண்டாம் என்றுதான் ஜனங்கள் நடுவில் ஓடிக் கடக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் தண்ணீர் பிரச்சினை என்றால் பற்றாக்குறை மட்டுமில்லை.

இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்பதும் சேர்ந்திருப்பது அதனால்தான். இந்திய தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போனால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பற்கள் கறைபடிந்து முளைக்கும். எட்டு வயது வரைதான் இந்த ஆபத்து பெரிது. உங்கள் இரண்டாவது பிள்ளை சரியாக அந்த வயதில் இருக்கிறது. பல வருடம் குடித்தால் மூட்டு, எலும்பு வரை போகும்.

ஃபுளோரைடு நிறத்திலும் ருசியிலும் தெரியாது. குழாயில் வெள்ளையாகப் பொரிந்திருப்பது தண்ணீரின் கடினத்தன்மையைத்தான் காட்டும். டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பைத்தான் சொல்லும், ஃபுளோரைடைத் தனியாகச் சொல்லாது. காய்ச்சினால் போகாது; தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடும். யுவி ஃபில்டர் கிருமியைக் கொல்லும், இதைத் தொடாது. ஆர்ஓ குறைக்கும், ஆனால் உள்ளே வடிகட்டும் மெம்பரேன் பழசாக ஆக அதுவும் விட்டுவிடும். ஓனர் 'ஆர்ஓ மாட்டியிருக்கு' என்றால் கடைசியாக எப்போது மெம்பரேன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

வீடு பிடித்துப்போனால், பேச்சை முடிப்பதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடலாம். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடி, தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துக் கொடுப்பார்கள். 'ஃபுளோரைடும் வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாக ஒகேனக்கல் தண்ணீர் வாசல் பக்கக் குழாயில் தரை மட்டத்தில் வரும். மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். அதாவது சமையலறைக் குழாயில் வருவது போர் தண்ணீர். குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு சோறும் குழம்பும் போர் தண்ணீரில் வைத்தால் பாதி பிரயோசனம் போயிற்று. நான்கு பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 முதல் 25 லிட்டர் தேவை. மாடி வீடு என்றால் அதைத் தினமும் தூக்கிக்கொண்டு படியேறப்போவது நீங்கள்.

கோடையைப் பற்றி ஓனரிடம் கேட்காதீர்கள், 'நம்ம போர் வத்துனதே இல்லீங்க' என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் அக்காவிடம் 'போன சித்திரையில லாரி தண்ணி வாங்குனீங்களா?' என்று கேளுங்கள், உண்மை வரும். சம்ப் எத்தனை லிட்டர் என்பதும் வேண்டும். டிராக்டர் டேங்கர் ஒரு லோடு 4,000, 5,000 லிட்டர் என்று வரும். சம்ப் 3,000 என்றால் முழு லோடுக்குப் பணம் கொடுத்து மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கரண்டுக்கு ஒரே கேள்வி: இந்தப் போர்ஷனுக்குத் தனி சர்வீஸா (தனி மின் இணைப்பு), ஓனர் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டரா? தனி சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். ஓனரும் நீங்களும் ஒரே சர்வீஸில் இருந்தால் இரண்டு வீட்டு யூனிட்டும் கூடி 500-ஐத் தாண்டி மேல் ஸ்லாபுக்குப் போகும், அந்தப் பாரத்தில் பங்கு உங்கள் தலையில் விழும். மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி வீட்டைவிட, கீழே ஓனர் குடியிருக்க மேலே நீங்கள் இருக்கும் வீடுதான் என் தேர்வு. ஓனர் அம்மா கொஞ்சம் நோண்டி நோண்டிக் கேட்பார், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கீழே ஆள் இருக்கும். ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த லேஅவுட்டில் வீடு பளபளவென்று இருக்கும், வாடகையும் குறைவாக இருக்கும். அங்கே இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை போய்ப் பாருங்கள்: தெருவிளக்கு எரிகிறதா, சுற்றிக் காலி மனைகளில் புதர் எவ்வளவு, ஆட்டோக்காரர் கூப்பிட்டால் வருவாரா.

டூலெட் போர்டு பார்த்து நடந்து தேடுவதுதான் இங்கே இன்னும் சிறந்த வழி. பள்ளி முடியும் ஏப்ரல், மே மாதங்களில் நிறைய காலியாகும், போட்டியும் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகையில் பேசிக் குறைக்கலாம். போஸ்டிங் ஆர்டர் ஆடி பார்த்து வருவதில்லை என்பதில் இருக்கும் ஒரே லாபம் இதுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வீடு ஒதுக்குவது அவர்கள் வேலையில்லை. ஆனால் அங்கே வந்துபோகும் ஓய்வுபெற்ற சுபேதார்களில் யாராவது ஒருவருக்கு மாடி காலியாக இருக்கும். டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. 'நான் ஆர்மியில் இருக்கிறேன், வீடு பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்' என்று வீட்டு ஓனர்களை ஏமாற்றும் கும்பல்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அதனால் உங்கள் கணவர் தூரத்திலிருந்து போன் போட்டுப் பேசினாலே ஓனருக்குச் சந்தேகம் வரும். நீங்கள் நேரில் போங்கள், கூட அப்பாவையோ அண்ணனையோ வைத்துக்கொண்டு. கணவரின் ராணுவ அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் கும்பல்கள் கையில் இருப்பது இப்படிப் போன படங்கள்தான். ஆதார் நகல் போதும். எந்த யூனிட், எந்த இடம் என்பது புரோக்கருக்கும் ஓனருக்கும் தெரிய வேண்டிய விஷயமில்லை.

பணமும் ஒப்பந்தமும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஓசூரில் பெங்களூரு வாடை அடித்து பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதுவும் 'ஒப்புக்கொண்டது' ஆகிவிடும். பேசிக் குறைக்க வேண்டியது அதற்கு முன்னால்.

ஸ்டாம்ப் பேப்பரில் வழக்கமாக டைப் அடித்துத் தரும் ஒப்பந்தத்தில் நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு அது ஆகாது. அதற்குப் பதிலாக இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

'வாடகைதாரரின் கணவருக்குப் பணியிட மாறுதல் ஆணை வந்தாலோ, குடும்பத்துக்கு அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டாலோ, 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்யலாம். இதற்காக முன்பணத்தில் பிடித்தம் கிடையாது. வாடகை, மின்கட்டண பாக்கி நீங்கலாக மீதி முன்பணம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.'

ஒரு மாதம் என்பது சட்டத்திலேயே இருக்கும் கெடு, ஓனர் மறுக்கக் காரணமில்லை. பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதைத் தொகையாகவே எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கட்டும். அவர் பெயரில் மட்டும் இருந்தால், பத்திரம் புதுப்பிக்கும்போதும் காலி செய்யும்போதும் அவர் கையெழுத்துக்காக லீவு வரை காத்திருக்க வேண்டிவரும். பழைய வருமான வரி முறையில் வாடகைப் படிக்கு விலக்கு கேட்பதாக இருந்தால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது ஓனரின் பான் எண் வேண்டும். பல ஓனர்கள் கடைசி நேரத்தில் முகம் சுளிப்பார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

போக்கியத்துக்கு, அதாவது லீஸுக்கு, வீடு எடுக்காதீர்கள். வாடகையே இல்லை, சில லட்சம் கொடுத்தால் போதும், போகும்போது முழுதாகத் திரும்பும் என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பணத்தை ஓனர் கடனடைக்கவோ கல்யாணத்துக்கோ செலவழித்திருப்பார். அடுத்த போக்கியக்காரர் கிடைத்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தருவார். உங்களுக்கோ மாதம் குறித்து நகர வேண்டிய வாழ்க்கை. எடுத்தே தீர வேண்டும் என்றால் வில்லங்கச் சான்று போட்டு, வீடு வங்கியில் அடமானமாக இல்லை என்று உறுதி செய்து, பத்திரத்தைப் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், ஒழுகிய கறை, உடைந்த டைல் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிந்துவிடும். வாசல் பூட்டை மாற்றுங்கள், பழைய குடித்தனக்காரரிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேஸ் இணைப்பைப் பழைய ஊரில் சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கி வந்தால்தான் இங்கே உடனே கிடைக்கும். லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் வரை தள்ளிப்போட்டால் முதல் வாரம் இன்டக்ஷன் அடுப்புதான்.