முதல்முறையாகத் தனியாகத் தங்கப் போகிறேன், என்னவெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும்?

22 வயது, வேலைக்காக முதல்முறையாக ஒரு சின்ன வீட்டில் தனியாகக் குடிபோகிறேன், சமையலும் துணி துவைப்பதும் ஓரளவு வரும், வேறென்ன பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சமையலையும் துணியையும் விட்டுத்தள்ளுங்கள், பசியும் அழுக்கும் அதைத் தானாகக் கற்றுக்கொடுத்துவிடும். நான் சில வருடங்களாகத் தனியாகத்தான் இருக்கிறேன். இதில் கஷ்டமான பகுதி வேறு.

குடும்பத்தோடு இருக்கும்போது மற்றவர்கள் நமக்காகச் செய்யும் வேலைகள் கண்ணுக்குத் தெரியும். அவர்கள் எதையாவது கவனித்துக்கொண்டே இருப்பது மட்டும் தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நீங்கள் போனில் மூழ்கியிருந்தால் யாராவது போய் அணைத்திருப்பார்கள், படுக்கும் முன் கதவு பூட்டியிருக்கிறதா என்று யாராவது ஒருமுறை பார்த்திருப்பார்கள், ஏன் மூஞ்சி ஒருமாதிரி இருக்கு என்று உங்களுக்கே தோன்றும் முன்னால் யாராவது கேட்டிருப்பார்கள். தனி வீட்டுக்குப் போனால் வேலை கொஞ்சம்தான் கூடும், இந்தக் கவனிப்பு மொத்தமாக நின்றுபோகும். அதை நீங்களே எப்படிச் செய்துகொள்வது, உங்களால் முடியாததை யாரிடம் ஒப்படைப்பது, இந்த இரண்டும்தான் பழக வேண்டியது என்பேன்.

சின்ன விஷயத்திலிருந்து வருகிறேன். வெளியே கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா, பூட்டினோமா என்ற சந்தேகம் பாதி வழியில் வரும், கேட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. ஜப்பானில் ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார்கள், கை பழக்கத்தில் செய்வதை மனமும் பதிவு செய்துகொள்ளட்டும் என்பதற்காக. அதையே நான் வாசலில் செய்கிறேன். குமிழைத் தொட்டு "கேஸ் மூடியாச்சு", பூட்டை இழுத்துப் பார்த்து "பூட்டியாச்சு". பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பைத்தியம் மாதிரி தெரியும், பரவாயில்லை.

கேஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே போகும். இரண்டுக்குமே சொந்தமாக வாசனை பெரிதாக இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். ஆனால் எந்த வாசனையும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும், உள்ளேயே இருப்பவரைவிட வெளியிலிருந்து வருபவருக்குத்தான் அது சட்டென்று தெரியும். தனியாக இருக்கும் வீட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. அதனால் லேசாக வாசனை வந்து, பிறகு போய்விட்ட மாதிரி இருந்தாலும் சும்மா விடாதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியே போய் அங்கிருந்து போன் பண்ணுங்கள்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் திரவத்தையும் சேர்த்து ஊற்றக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். இதெல்லாம் எங்கேயோ கேட்டதுதான், ஆனால் தடுக்க ஆள் இல்லாத வீட்டில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம். ஒரு ஆளுக்கு அளவாகச் சமைப்பது நினைப்பதைவிடக் கஷ்டம், எப்போதும் மிஞ்சும். மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், 3, 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. சில கிருமிகள் விட்டுவைக்கும் நச்சுக்கு வாசனையும் கிடையாது, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. ஒரு டேப்பைக் கிழித்து டப்பா மேல் ஒட்டி, பேனாவால் தேதி எழுதிவிட்டால் முடிந்தது. "இது என்னைக்கு வெச்சது?" என்று நீங்கள் கேட்டால் பதில் சொல்ல இனிமேல் அந்த டேப்தான் இருக்கிறது.

அப்புறம் காய்ச்சல். உண்மையில் தனியாக இருப்பதன் முழு அர்த்தமும் காய்ச்சல் வந்த இரவில்தான் புரியும். உடம்பு நன்றாக இருக்கும்போதே தெர்மாமீட்டரும் பாராசிட்டமாலும் வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள், படுத்துவிட்டால் கடைக்குப் போகத் தெம்பு இருக்காது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் எடுக்கக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8. இரண்டு வேளைக்கு நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சளிக்கு விற்கும் பல மாத்திரைகளிலும் இதே மருந்து இருக்கிறது, அட்டையைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் கணக்கு எகிறிவிடும். காய்ச்சல் மயக்கத்தில் எப்போது போட்டோம் என்பதே மறந்துபோகும், அதனால் ஒவ்வொரு முறையும் நேரத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்தான் நல்லது. அது கையில் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து போட வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றுச் சாவி கொடுத்துவை என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் நீங்கள் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் அந்தச் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடம்பு மோசமாகிறது என்று தோன்றியதுமே, எழுந்து நடக்கத் தெம்பு இருக்கும்போதே, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெறும் பூட்டோடு படுங்கள், சாவி வைத்திருப்பவருக்கும் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். போனைத் திறக்காமலேயே அவசர எண்ணும் ரத்த வகையும் ஒவ்வாமை விவரமும் தெரிகிற மாதிரி செட்டிங்கில் போட்டு வைக்கலாம், பெரும்பாலான போன்களில் அந்த வசதி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதை நிரப்புவதில்லை. சாப்பிடும்போது தொண்டையில் அடைத்துக்கொண்டு இருமக்கூட முடியவில்லை என்றால், நாற்காலியின் முதுகுப் பக்க விளிம்பில் தொப்புளுக்குச் சற்று மேலே வயிறு படும்படி சாய்ந்து, சட்டென்று பலமாக அழுத்த வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை, முதுகில் தட்ட ஆள் இல்லையே, அதனால்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் வந்த அன்றே வாடகையையும் பில்களையும் கட்டிவிடுங்கள், கடைசித் தேதியை ஞாபகப்படுத்த யாரும் இல்லை.

இனி சத்தமில்லாத மாலைகள். லீவு நாட்கள் சேர்ந்து வந்தால், கடைசியில் யாராவது போன் பண்ணும்போது உங்கள் குரலே கரகரவென்று வரும், அதுவரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். தனியாக இருப்பதும் தனிமையில் வாடுவதும் ஒன்றல்ல, எனக்கு அந்த அமைதி பிடித்தே இருக்கிறது. சத்தத்துக்காக டிவியை ஓடவிடுவதிலும் தப்பில்லை. ஆனால் வாட்டம் வந்தால் அதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. தனிமையைக் கவனிக்கவென்றே பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் ஒரு அமைச்சரிடம் பொறுப்புக் கொடுத்தன. உலகில் ஆறில் ஒருவர் தனிமையை உணர்கிறார் என்றும், 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது. வயதானவர்களின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வயதுக் கணக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதில் உங்களை நீங்களே கவனிப்பது கஷ்டம், ஏனென்றால் கெடுவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். தூக்கம் அரை மணி அரை மணியாகத் தள்ளிப்போகும், குளிப்பது ஒருநாள் விடுபடும், திரைச்சீலை திறக்கப்படாமலே கிடக்கும். எதிலும் ஆர்வமில்லாமலோ மனம் சோர்ந்தோ 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்கள், அது சோம்பல் இல்லை. அதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வெளியாள் வேண்டும். தினமும் காலையில் ஒரு நண்பருக்கு ஏதாவது அனுப்புங்கள், ஒரு படமோ வெறும் புள்ளியோ போதும், மதியம் வரை வரவில்லை என்றால் அவர் கூப்பிட வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். வாரத்தில் ஒருமுறையாவது ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போங்கள், விளையாட்டோ நூலகமோ வகுப்போ எதுவாக இருந்தாலும் சரி, நீங்கள் வரவில்லை என்றால் "எங்கே ஆளைக் காணோம்" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அம்மா அப்பா கூப்பிடும்போது எப்போதும் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லாதீர்கள், அவ்வப்போது சின்னதாக ஒரு கஷ்டத்தையும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பெரிதாக ஒன்று வரும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாது.

குடிபோகும் அன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. மெயின் ஸ்விட்ச், கேஸ் வால்வு, வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு, மூன்றும் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒருமுறை உங்கள் கையாலேயே மூடித் திறந்து பாருங்கள். தண்ணீர் வால்வு மட்டும் ரொம்ப நாள் தொடாமல் இறுகிப்போயிருக்கும், திரும்பவில்லை என்றால் பலமாக முறுக்காதீர்கள், அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.