பொதுத் தோட்டத்தில் வேலி போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ரெண்டு ஏக்கர் வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். மீதி ஒரு ஏக்கர் பொது, பழைய பெங்களூரா மாமரங்கள் நிற்கின்றன. ஒருவர் மட்டும் ஓரமாக ஐந்து சென்ட்டுக்குக் கம்பிவேலி போட்டு அவரை, கத்தரி வைத்திருக்கிறார். கேட்டால், "வேலை செய்றவன் நான்தானே" என்கிறார். என்ன செய்வது?
-வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தண்ணி விடாத நாலு பேர் பழம் இறங்கும்போது மட்டும் பையோடு வந்தால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'பிரிபடாத பங்கு' என்று இருந்தால் எந்த மூலையும் யாருக்கும் தனிச் சொந்தம் இல்லை. அதற்காக நாளைக்கே வேலியைப் பிடுங்காதீர்கள், அந்த ஐந்து சென்ட்டை அவருக்கு ஒரு வருஷத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள், போர் மோட்டார் கரண்ட் பில்லில் அவர் பங்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மரங்கள்தான் பெரிய விஷயம். ஒரு வருஷக் குத்தகைக்கு விட்டால் காசு சுலபம், சண்டையும் இல்லை. ஆனால் ஒரு வருஷக் குத்தகைக்காரருக்கு மரத்தின் அடுத்த வருஷத்தைப் பற்றிக் கவலை கிடையாது, காய்ப்புக்காக வேரில் பேக்லோபியூட்ரசால் மருந்தை அள்ளி ஊற்றிவிட்டுப் போனால் மரம் தளர்ந்துவிடும். மருந்து ஊற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்கிற (கிளைகளை வெட்டிவிடுகிற) கூலியைக் குத்தகைப் பணத்திலேயே முதலில் கழித்துவிட்டு, அப்புறம் மீதியைப் பங்கு போடுங்கள்.