தலைக்குள் ஷாக் அடிக்கிறதா? நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

மனச்சோர்வுக்காக ஒரு வருடம் சாப்பிட்ட மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து, கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினாலே தலைக்குள் 'ஜிவ்' என்று ஷாக் அடிக்கிறது. மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?
- வாசகி, ஈரோடு

பயப்படாதீர்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பாராக்ஸிடின் அல்லது வென்லாஃபாக்ஸினாக இருக்கும் என்பது என் ஊகம். இவை உடலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் திடீரென நிறுத்தினால் இந்தத் தொல்லை அதிகம். மெதுவாக வெளியேறும் ஃப்ளுவாக்ஸிடினில் குறைவு. கண் அசையும்போது ஷாக் அடிப்பது இதற்கே உரிய அடையாளம்.

பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடமே போங்கள். பழைய அளவில் மறுபடி தொடங்கி, படிப்படியாகக் குறைப்பார். கடைசிப் படிகளில்தான் அதிக நிதானம் வேண்டும். கேப்ஸ்யூலை நீங்களே பிரித்துப் பாதி போடாதீர்கள். அப்புறம், ஷாக்கோடு தலைசுற்றலும் இருந்தால் வண்டி ஓட்ட வேண்டாம்.

காதுக்குப் பின்னால் தொடங்கி உச்சந்தலை வரை சுரீரென்று ஏறுகிறது. சீப்பு பட்டாலே வலி. எம்.ஆர்.ஐ. நார்மல். "எல்லாம் மனப்பிரமை" என்கிறார்கள் வீட்டில்.
- வாசகர், திருநெல்வேலி

ஸ்கேனில் தெரியாததெல்லாம் பிரமை என்றால் பாதி நரம்பியலையே மூட வேண்டியதுதான். பின்மண்டைத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, கழுத்தின் மேல்பகுதியில் கிளம்பி, தசைகளுக்கு ஊடாக மேலே ஏறுகிறது. வழியில் அது அழுந்தினாலும் எரிச்சலுற்றாலும் நீங்கள் சொல்லும் வலி வரும், எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மருத்துவர் பின்மண்டையில் அந்த நரம்பு போகும் இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். அதே ஷாக் கிளம்பினால் பாதி விடை கிடைத்த மாதிரி. அங்கேயே மரத்துப்போகும் ஊசி போட்டு வலி நின்றால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எங்கே தொடங்குகிறது, எதுவரை ஓடுகிறது, எத்தனை நொடி, எதைச் செய்தால் வருகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு ஸ்கேன் படத்தைவிட அந்தத் தாள்தான் அதிகம் உதவும். ஆனால் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, இதுவரை கண்டிராத திடீர்த் தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை ஷாக் ஓடுகிறது. சுத்த சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்.
- வாசகர், கும்பகோணம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே தகராறு கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாம். சைவ உணவு, மெட்ஃபார்மின் இரண்டுமே வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடியவை. அந்தக் குறைபாடு தண்டுவடத்தைப் பாதிக்கும். முதலில் பி12 ரத்தப் பரிசோதனை, கூடவே கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, அழற்சி உண்டா என்று அதில் பார்க்க வேண்டும்.

தூக்கம் கண்ணைச் செருகும் நேரத்தில் தலைக்குள் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். வலி இல்லை.
- வாசகி, மதுரை

ஆபத்தில்லாத விஷயம். தூக்கம் கெட்ட நாட்களில் அதிகம் வரும். நேரத்துக்குப் படுங்கள், வலியும் சேர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள்.